ஒரு மலை, இரண்டு மழை, மூன்று அமாவாசை
தென்மலை நாடு – 17

பொன்முடிக்கு ஆடி மாதத்தில் போகிறவர்கள் பெரும்பாலும் ஏமாந்துதான் திரும்புவார்கள். திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாகச் சுமார் 60 கிலோமீட்டர். கல்லாற்றைத் தாண்டியதும் 22 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஏறிச் சேர்ந்தால் கண்ணுக்குத் தெரிவது வெள்ளை மூடுபனி மட்டும். சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் புல்வெளியை நீளவாக்கில் கிழித்துக்கொண்டு மழை போகும். குடையெல்லாம் பெயருக்குத்தான். தெளிவான நாளில் தென்கிழக்கே எழுந்து நிற்கும் அகத்தியர்கூடம் இந்த மாதத்தில் வாரக்கணக்கில் இல்லாமலே போய்விடும்.

ஆனால் இந்தத் தொடருக்கு அந்த மூடுபனி வேண்டியிருக்கிறது. சென்ற இதழில் வார்டு, கானர் என்ற இரண்டு லெப்டினன்டுகள் 1816 தொடங்கித் திருவிதாங்கூரை அளந்த கதையைப் பார்த்தோம். அவர்கள் வரைந்த கோடு நிலத்தின் கோடு. இந்த மலை முகட்டின் மீது மழை இன்னொரு கோட்டை வரைந்திருக்கிறது. அது எவ்வளவு பழையது, எவ்வளவு ஆழமாகப் பதிந்தது என்று தெரிய வேண்டுமானால், மலையின் இரு பக்கத்து மக்களும் இறந்தவர்களுக்கு எப்போது சோறிடுகிறார்கள் என்று கேட்டால் போதும்.

முதலில் தண்ணீரைப் பின்தொடர்வோம். பொன்முடிச் சரிவின் ஓடைகள் கல்லாற்றில் விழுகின்றன. செம்முஞ்சி மொட்டைப் பக்கமிருந்து இறங்கும் நீரோடு சேர்ந்து அது வாமனபுரம் ஆறு என்ற பெயரில் பாலோடு, வாமனபுரம், ஆற்றிங்கல் என்று 88 கிலோமீட்டர் ஓடி, அஞ்சுதெங்குக் காயலில் புகுந்து, முதலப்பொழியில் அரபிக்கடலைச் சேர்கிறது. கரமனை ஆறும் நெய்யாறும் இதே மலைத்தொகுதியின் பிள்ளைகள்தான். முகட்டுக்கு அந்தப் பக்கம் தாமிரபரணி. பொதிகையில் பிறந்து, பாபநாசத்தில் சமவெளியைத் தொட்டு, திருநெல்வேலியைக் கடந்து, சுமார் 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. பழைய ஆய் வேளிர் இந்த மலையின் இரு பக்கத்தையும் ஒரே நாடாக வைத்திருந்தார்கள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி ‘அயோய்’ என்று அவர்களையும், ‘பெட்டிகோ’ என்று இந்த மலையையும் எழுதி வைத்தார். மேற்கே வர்க்கலையில் கடற்கரைக்குப் பாபநாசம் என்று பெயர். கிழக்கே மலையடிவாரத் துறைக்கும் அதே பெயர். இரண்டிலும் கூட்டம் பிதுங்கி வழிவது ஒரே நாளில். கர்க்கடக வாவு என்று அங்கே சொல்வதும் ஆடி அமாவாசை என்று இங்கே சொல்வதும் ஒரே அமாவாசைதான்.

ஏன் அந்த அமாவாசை? பஞ்சாங்கக்காரரிடம் கேட்டால் தயங்காமல் சொல்வார்: சூரியன் கர்க்கடக ராசியில் நுழைந்ததும் தட்சிணாயனம் தொடங்குகிறது, தெற்கு பிதிர்களின் திசை, ஆகவே தட்சிணாயனத்தின் முதல் அமாவாசை அவர்களுடையது. உத்தராயணம் தொடங்கியதும் வருகிற முதல் அமாவாசை தை அமாவாசை. நடுவே சூரியன் கன்னியில் இருக்கும்போது வருவது புரட்டாசி மகாளய அமாவாசை. ஆண்டுக்குப் பன்னிரண்டு அமாவாசையில் தமிழர்கள் இந்த மூன்றைப் பெரிதாகப் பிடித்துக்கொண்டதற்கு வானியல் காரணம் இவ்வளவுதான். முன்னோர்களைத் தென்திசையில் குடியிருப்பவர்களாகப் பார்ப்பது வள்ளுவருக்கும் புறநானூற்றுப் புலவர்களுக்கும் முன்பே பழகிப்போன எண்ணம். ஆனால் சங்கப் பாடல்களில் நடுகல்லுக்குக் கள்ளும் மயிற்பீலியும் வருகின்றனவே ஒழிய, ஆண்டில் இன்ன நாள் என்ற கணக்கு முன்னே வந்து நிற்பதில்லை. இறந்தவருக்கு அப்போது ஓர் இடம் இருந்தது. தேதி பின்னால் வந்தது என்பது என் எண்ணம்.

வந்த தேதியும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. சூரியன் உண்மையில் தெற்கே திரும்புவது ஜூன் 21 அன்று. நம் ஆடி முதல் தேதியோ ஜூலை நடுவில். விண்மீன்களை வைத்து எண்ணும் நம் ஆண்டுக்கும் பருவத்தை வைத்து எண்ணும் ஆண்டுக்கும் இடையே ஏறக்குறைய 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் இடைவெளி கூடுகிறது. இன்று அது சுமார் 24 நாள். மூன்றாம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் இரண்டும் ஒன்றாக இருந்தன. அப்போது கர்க்கடக அமாவாசை தென்மேற்குப் பருவமழையின் முதல் வாரங்களிலேயே வந்திருக்கும். இன்று அது நடு மழையில் வருகிறது. சடங்கு செய்கிறவர்கள் நகர்ந்ததே இல்லை. அவர்கள் காலடியில் பருவம் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது.

இப்போது மேற்குச் சரிவுக்கு இறங்குவோம். கேரளத்தில் கர்க்கடகம் என்றால் பஞ்ஞ மாதம். விரிப்புப் போகம் சிங்க மாதத்தில்தான் அறுவடைக்கு வரும். ஓணம் அந்த அறுவடையின் விழா. அதற்கு முந்தைய மாதத்தில் பத்தாயத்தின் அடி தெரியும். வயலில் வேலை இல்லை, கடலில் வள்ளம் இறக்கினால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை, மலையில் காலெடுத்து வைத்தால் அட்டை. காய்ச்சலும் பேதியும் முதியவர்களை எடுத்துக்கொண்டு போகும் மாதமும் அதுதான். நிறைய வீடுகளில் தாத்தாவோ பாட்டியோ போன மாதம் இதுவாக இருந்திருக்கும். இன்று மருந்துக்கஞ்சி பாக்கெட்டில் கிடைக்கிறது. ஆயுர்வேத விடுதிகள் கர்க்கடக சிகிச்சை என்று விளம்பரம் செய்கின்றன. அதன் அடியில் இருப்பது பசியும் நோயும் பழகிய ஒரு சமூகத்தின் எச்சரிக்கைதான். செத்தவர்களுக்குச் சோறிடும் நாளைச் சோறில்லாத மாதத்திலேயே பெரிதாக்கிக்கொண்ட மக்களைப் பற்றி யோசித்துப் பாருங்கள். அறுவடை முடிந்து, பத்தாயம் நிரம்பிய பிறகு முன்னோரை அழைப்பது விருந்து. இது வேறு. அடுத்தது யார் என்று தெரியாத மாதத்தில், முன்னே போனவர்களோடு கணக்கை நேராக்கிக்கொள்வது.

முந்தைய நாள் ‘ஒரிக்கல்’ – ஒரு வேளை மட்டும் அரிசிச் சோறு. விடிவதற்கு முன்பே திருவல்லம் பரசுராமர் கோயிலில் ஈர வேட்டிகள் வரிசையில் நிற்கும். அருவிக்கரையிலும் வர்க்கலையிலும் அதே காட்சி. திருவல்லத்தில் மற்ற நாட்களிலும் பலி இடலாம் என்பதால் அந்தக் கோயிலுக்கு ஆண்டு முழுவதும் வேலை உண்டு. வாவு அன்று நெரிசல் வேறு கணக்கு. தெற்கு நோக்கி உட்கார்ந்து, விரலில் தர்ப்பைப் பவித்திரம் மாட்டி, வாழையிலையில் உணக்கலரிச் சோற்று உருண்டை, எள், சந்தனம், பூ. பூ என்றால் எல்லாப் பூவும் ஆகாது, செறூளை வேண்டும். வெள்ளையாய், பஞ்சு உருட்டி ஒட்டியதுபோல் தண்டெல்லாம் பூக்கும் சின்னச் செடி. கிழக்கே இதைச் சிறுபீளை என்போம். தை பிறப்பதற்கு முந்தின நாள் வேப்பிலையும் ஆவாரம்பூவும் சேர்த்துக் கூரையிலும் வாசலிலும் காப்புக் கட்டுவோமே, அதே பூளைப்பூ. ஒரு பக்கத்தில் பலியிலைக்கு, மறு பக்கத்தில் பொங்கல் வாசலுக்கு. மலையைத் தாண்டும்போது செடி மாறவில்லை, வேலை மாறிவிட்டது.

சோற்றை வைத்ததும் ஈரக் கையைத் தட்டிக் காக்கையைக் கூப்பிடுவார்கள். காக்கை வராமல் போனால் பெரியவர்கள் முகம் வாடும். வர்க்கலையில் இலையைத் தலையில் ஏந்திக் கடலுக்குள் இறங்கி, விட்டுவிட்டு முங்கி எழுவார்கள். செம்மண் குன்றின் அடியில் நன்னீர் ஊற்று கசிந்துகொண்டிருக்கும். எதிரே மழைக்காலக் கடல் ஆளையே புரட்டும். கயிறு கட்டி, உயிர்காப்பாளர்களை நிறுத்தி, போலீஸ் ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டிருக்கும். திருவனந்தபுரத்துச் சங்குமுகத்தில் கடலரிப்பால் பலிதர்ப்பணத்தைத் தடுத்த ஆண்டுகளும் உண்டு. கரை இருந்தால்தானே கடன் தீர்ப்பது? கேரள அரசு இந்த நாளுக்குப் பொது விடுமுறை விடுகிறது. மகாளய அமாவாசைக்கு அங்கே இவ்வளவு ஆரவாரம் கிடையாது.

அதே காலைப் பொழுதில் முகட்டைத் தாண்டிக் கிழக்கே இறங்கினால் வானம் வேறு. மேகம் மலை உச்சியோடு நின்றுவிடும். அம்பாசமுத்திரத்தில் காற்று உண்டு, தூறல் உண்டு, மேற்கின் பெருமழை இல்லை. ஆனால் ஆற்றில் தண்ணீர் உண்டு. மேற்கே பெய்யும் மழையில் ஒரு பங்கு முகட்டைத் தாண்டித் தாமிரபரணியில் இறங்குகிறது. அதை நம்பித்தான் இங்கே கார் சாகுபடி. வடகிழக்கு மழையை நம்பிப் பின்னால் வருவது பிசானம். ஆகவே கேரளத்தில் பத்தாயம் காலியாகும் அதே மாதத்தில் திருநெல்வேலிக் கால்வாய்களில் புதுத்தண்ணீர் ஓடும், வயலில் கார் நெல் பச்சை பிடித்து நிற்கும். குற்றாலத்தில் சீசன். இந்தப் பக்கத்து ஆடி அமாவாசையில் துக்கத்தைவிட திருவிழாவின் வாடையே அதிகம்.

அதற்குச் சாட்சி காரையாற்றுச் சொரிமுத்து அய்யனார் கோயில். முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் வனத்துறை நாட்களை எண்ணித்தான் அனுமதி தருகிறது. அதற்கு முன்பெல்லாம் குடும்பங்கள் ஆற்றங்கரையில் குடில் போட்டு வாரக்கணக்கில் தங்கியதைப் பெரியவர்கள் சொல்வார்கள். ஆற்றில் முழுக்கு, முன்னோருக்கு எள்ளும் தண்ணீரும், பிறகு கிடா வெட்டு, சமையல், பேய்ச்சியம்மன், பட்டவராயன் என்று நாள் நிறைந்துவிடும். ஆடி அமாவாசை அன்று சிங்கம்பட்டி ஜமீன்தார் ராஜ உடையில் அங்கே காட்சி தருவது வழக்கமாக இருந்தது. அந்த உடையைக் கடைசியாக அணிந்தவர் முருகதாஸ் தீர்த்தபதி. 2020 மே மாதம் காலமானார்.

ஜமீன் வழிக் கதை ஒன்று நம் தொடருக்கு நேராகவே சம்பந்தப்பட்டது. திருவிதாங்கூர் அரசுரிமைச் சண்டையில் உதவப் போன சிங்கம்பட்டி இளவரசன் போரில் மாண்டான். அதற்கு ஈடாகத் திருவிதாங்கூர் மன்னர் மலைக்காட்டை ஜமீனுக்குக் கொடுத்தார் என்பது அந்தக் கதை. ஏடு பார்த்து இதை நிரூபிப்பது எளிதல்ல. ஆனால் கதையின் தர்க்கத்தைக் கவனியுங்கள்: ஒரு பிள்ளையின் சாவுக்கு விலை ஒரு மலை. அந்த மலையில் ஒரு பகுதியை 1929இல் பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டார்கள். மாஞ்சோலைத் தேயிலை அப்படி வந்தது. நாட்டின் எல்லை எங்கே ஓடுகிறது என்று கேட்டால் சர்வேக்காரர் கல்லைக் காட்டுவார், ஜமீன்காரர் செத்தவனைக் காட்டுவார்.

இப்போது புரட்டாசி மகாளயத்துக்கு, அதாவது இலையுதிர் காலத்துக்கு வருவோம். நமக்கு இலையுதிர் காலம் என்று ஒன்று கிடையாது என்பதே இந்த அத்தியாயத்தின் சிக்கல். வேத காலத்துச் சடங்கு நூல்களில் நான்கு மாதத்துக்கு ஒரு முறை செய்யும் சாதுர்மாஸ்ய வேள்விகள் உண்டு: வசந்தத்தில் ஒன்று, மழைக்காலத்தில் ஒன்று, சரத் என்ற இலையுதிர் காலத்தில் மூன்றாவது. சாகமேதம் என்ற அந்த மூன்றாவதற்குள்தான் மகாபித்ருயக்ஞம், அதாவது முன்னோருக்கான பெரிய வேள்வி, அமைந்திருக்கிறது. இது எழுதப்பட்ட நிலம் வட இந்தியா. அங்கே செப்டம்பரில் மழை பின்வாங்கும், கங்கைச் சமவெளியில் வெள்ளம் வடியும், பாதை திறக்கும், வயல் விளைச்சலுக்கு நெருங்கும். பிற்காலத்தில் மகாளய பட்சத்துக்குக் கயாவில் கூட்டம் கூடுவதற்குப் பருவமும் ஒரு காரணம். ஆடி மாதத்து வெள்ளத்தில் கயாவுக்கு யார் நடந்து போவது? கம்போடியாவில் பும் பென் என்று பதினைந்து நாள் முன்னோர் விழா கொண்டாடுகிறார்கள். அதுவும் செப்டம்பர், அக்டோபரில், தேய்பிறையில், அரிசி உருண்டையோடு வருகிறது. மகாளயத்துக்கு அது எவ்வளவு நெருங்கிய உறவு என்பதைப் பார்த்தாலே தெரியும்.

தாமிரபரணிக் கரையில் புரட்டாசி என்பது இரண்டு மழைக்கு நடுவே விட்ட இடைவெளி. ஆறு இளைத்திருக்கும், வெயில் மண்டையைப் பிளக்கும். மகாளயத்தைத் தவறாமல் செய்கிறவர்கள் உண்டு. ஆனால் ஊர் முழுக்கத் திரளும் நாளாக அது ஆடிக்கு ஈடாகவில்லை. நாளைக் கொடுத்தது பஞ்சாங்கம். எந்த நாளைப் பெரிதாக்குவது என்று முடிவு செய்தது மழை. இதை எல்லா ஊருக்கும் விதியாக்க முடியாது. ஆறே இல்லாத இராமேசுவரத்தில் அக்கினி தீர்த்தம் மூன்று அமாவாசைக்கும் நிரம்புகிறது. தலத்தின் பெருமை மழையை மீறும் இடங்களும் உண்டு.

சரி, ஐரோப்பா. நம் கடற்கரையில் இறந்தவர்களை நினைக்கும் நாள் அங்கிருந்து வந்தது. அயர்லாந்தில் சம்ஹைன் என்ற பழைய நாள் நவம்பர் முதல் தேதியை ஒட்டி வரும். கோடையில் மேட்டு நிலத்துக்கு ஓட்டிய மாடுகளைக் கீழே இறக்கி, அறுவடையை முடித்து, குளிருக்குக் கதவைச் சாத்தும் வேளை அது. இருளும் குளிரும் நெருங்கும்போது இறந்தவர்கள் வாசலுக்கு வருவார்கள் என்று அந்த மக்கள் நம்பியதில் வியப்பில்லை. ஆனால் இன்றைய கல்லறைத் திருநாள் அதிலிருந்து நேராக முளைத்தது என்று சொல்வது அவசரம். புனிதர் அனைவர் நாள் ரோமில் முதலில் மே 13 ஆக இருந்தது; நவம்பர் 1க்கு அது மாறியது எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளில். அதற்கு மறுநாளை, இறந்த எல்லா ஆன்மாக்களுக்கும் உரிய நாளாகத் தன் மடங்களில் கட்டளையிட்டவர் பிரான்சிலிருந்த குளூனி மடத்தின் தலைவர் ஒடிலோ. காலம் பத்தாம் நூற்றாண்டின் முடிவு, பதினோராம் நூற்றாண்டின் தொடக்கம். மடத்திலிருந்து மடத்துக்குப் பரவி அது மேற்கு ஐரோப்பாவின் நாளாயிற்று. போர்த்துகீசியர் கப்பலில் மிளகு வாங்க வந்தபோது கூடவே வந்தது.

வந்து இறங்கிய இடங்கள் எவை என்று பார்த்தால் நம் இரண்டு ஆறுகளின் முகத்துவாரங்கள்தான். கிழக்கே முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1530களின் நடுவில் ஞானஸ்நானம் பெற்றார்கள்; புன்னைக்காயல் அந்தத் துறையின் பெரிய ஊர்களில் ஒன்று. மேற்கே 1544இல் பிரான்சிஸ் சவேரியார் திருவிதாங்கூர்க் கரையில் முக்குவர் ஊர்களில் ஒரு மாதத்துக்குள் பத்தாயிரம் பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்ததாக அவரே கடிதம் எழுதியிருக்கிறார். அஞ்சுதெங்கும் அந்தக் கரையைச் சேர்ந்தது. பிறகு ஆங்கிலேயர் அங்கே கோட்டை கட்டினார்கள். 1721இல் ஆற்றிங்கல் ராணியைப் பார்க்கக் கிளம்பிய கம்பெனி ஆட்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் வெட்டப்பட்டார்கள். அவர்களின் தலைவன் கிஃபோர்டை மரக்கட்டையில் கட்டி ஆற்றில் விட்டார்கள் என்றொரு கதை உண்டு. ஆறு நம் வாமனபுரம் ஆறுதான். அந்தக் கலகத்துக்குத் தனி அத்தியாயம் வேண்டும், இங்கே நிறுத்திக்கொள்வோம்.

ஆக, ஒரே மலையின் நீர் இரு பக்கம் இறங்குகிறது. உள்நாட்டில் அமாவாசைக்கு எள்ளும் சோறும். ஆறு கடலைத் தொடும் இடத்தில் நவம்பர் 2க்கு மெழுகுவத்தி. கிழக்கிலும் அப்படி, மேற்கிலும் அப்படி. இரண்டு வழக்கத்தையும் பெரும்பாலும் பிரிப்பது முகடு அல்ல, கடலிலிருந்து எவ்வளவு தூரத்தில் குடியிருக்கிறார்கள் என்பதே.

குளூனியில் நவம்பர் 2 அறுவடை முடிந்த ஓய்வு நாள். இங்கே அது ஐப்பசி நடு. புன்னைக்காயலில் வடகிழக்கு மழை பிடித்திருக்கும். அஞ்சுதெங்கில் துலாவர்ஷம்: காலையில் பளிச்சென்ற வெயில், பிற்பகலில் பொன்முடிப் பக்கம் கறுத்து, மாலையில் இடியோடு கொட்டும். கல்லறைக்குப் போகிற நேரமும் அந்த மாலைதான். பெண்கள் முந்தைய நாளே வந்து புல் பிடுங்கி, மண் மேட்டைச் சீராக்கி, சுண்ணாம்பு அடித்துப் போவார்கள். மறுநாள் மெழுகுவத்தியோடு பாதி வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலும் வரும், சுடரைக் காற்றுக்கும் சாரலுக்கும் மறைக்க. சாமியார் மந்திரித்த தண்ணீரைத் தெளித்துக்கொண்டு வரிசையாக நடப்பார்; சில சமயம் அந்தத் தண்ணீர் எது, மழை எது என்று தெரியாது. பழைய ஜூலியன் நாட்காட்டி இருந்த சவேரியார் காலத்தில் இந்த நாள் இன்றைய கணக்குக்கு நவம்பர் 12இல் விழுந்திருக்கும், மழைக்கு இன்னும் உள்ளே. 1582இல் போப் கிரகோரி பத்து நாளை வெட்டியதில் நம் கடலோரக் கல்லறைகளுக்குக் கொஞ்சம் மழை குறைந்தது என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

கடலோர மக்களுக்குக் கடலில் நேரும் சாவு பெரும்பாலும் நவம்பரில் நிகழ்வதில்லை என்பதும் உண்மை. முதலப்பொழியில் வள்ளங்கள் கவிழ்வது ஆடிக் கடலில், உள்நாட்டுக்காரர்கள் பலி இடும் அதே நாட்களில். ஆற்று வாயில் அலை தடுப்புச் சுவர் கட்டிய பிறகு அங்கே உயிர்கள் தொடர்ந்து போகின்றன. ஒவ்வொரு மழைக்காலத்திலும் போராட்டம் நடக்கிறது. கர்க்கடகத்தில் இறந்தவனை நினைக்க ஐப்பசி வரை காத்திருக்கச் சொல்கிறது பிரான்சிலிருந்து வந்த நாள்.

2017 நவம்பர் 30 அன்று வந்த ஒக்கி புயல் இந்தக் கணக்கையெல்லாம் குலைத்தது. பூந்துறை, விழிஞ்ஞம், சின்னத்துறை, தூத்தூர் என்று மாநில எல்லைக்கு இரு பக்கமும் கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. பலருடைய உடல் கிடைக்கவே இல்லை. கல்லறைத் திருநாளுக்குப் போக அவர்களுக்குக் கல்லறை இல்லை. இறந்த நாள் இன்னதென்று அடித்துச் சொல்லவும் வழியில்லை. காணாமல் போனவர் இறந்தார் என்று சட்டம் ஏற்கப் பொதுவாக ஏழு ஆண்டு ஆகும். சாஸ்திரம் இதற்கு ஏற்கெனவே ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறது: திதி தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசையில் செய்யலாம். கயாவில் யாரோ ஒரு பண்டிதர், வழிப்போக்கில் மறைந்தவர்களையும் வெள்ளத்தில் போனவர்களையும் மனதில் வைத்து இதை வகுத்திருக்கலாம். சின்னத்துறைக் குடும்பங்கள் வேறு வழியில் போயின. பங்குக் கோயிலில் பெயர்களைப் பலகையில் எழுதி வைத்தார்கள், நவம்பர் 30 அன்று திருப்பலி வைக்கிறார்கள், கடலுக்குப் போய்ப் பூவை விடுகிறார்கள்.

(தொடரும்)